தாணப்பனுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பெருவிரல்

1

மனு எழுத வாங்கின காகிதத்தில் ஒன்பது தாள் மிஞ்சிவிட்டது. இந்தக் கதை பிறந்த காரணம் அதுதான். பெரிய காரணம் ஒன்று சொல்ல எனக்கும் ஆசை உண்டு. [ஒரு மனிதனின் உயிர் இரவும் பகலும் என் நெஞ்சை உலுக்கியது என்று ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். பகலெல்லாம் வாய்க்காலில் மண் வெட்டினேன். இரவெல்லாம் நன்றாகத் தூங்கினேன். மண் வெட்டுகிறவனுக்குத் தூக்கம் வரவில்லை என்று நான் கேள்விப்பட்டதே இல்லை.]

என் பெயர் ரசலையன். பூதப்பாண்டிக்குத் தெற்கே, பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் களைத்துப்போய் வந்து சேரும் கடைசி வாய்க்கால் ஒன்றில் வேலை செய்கிறேன். தண்ணீரைப் போலவே நானும் அந்தியில் களைத்துத்தான் வீடு சேருவேன். நாற்பத்து மூன்று வயது வரை எனக்கு எழுத்துத் தெரியாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் லேஸ் பின்னப் படித்த என் மனைவி நேசபாய், அதே பொறுமையோடு எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தாள். இப்போது வயது நாற்பத்தாறு. ஆக, எழுத்தில் எனக்கு மூன்று வயதுதான் ஆகிறது. மூன்று வயதுப் பிள்ளை தடுக்கி விழுந்தால் யாரும் குறை சொல்வதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

கதை மரண தண்டனையைப் பற்றியது. பயப்பட வேண்டாம். தூக்குமரம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. கதை இங்கே வாய்க்காலில் நடக்கிறது. இங்கே எதையும் சிரிக்காமல் செய்ய எங்களுக்குப் பழக்கமில்லை.

2

எங்கிருந்து தொடங்குவது? மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

முதலாவது: "கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றெட்டு, தை மாதம் பதினொன்றாம் தேதி, மேற்படி வாய்க்காலின் மூன்றாம் மடையருகில்..." நேசபாய் வாசித்துவிட்டு, "இது கோர்ட்டுத் தாளு. இத வாசிக்கதுக்கு எனக்கு சம்பளம் தரணும்" என்றாள்.

இரண்டாவது: "ஐயகோ! மனிதனை மனிதன் கொல்லும் கொடுமையை என்னென்று" அதற்கு மேல் போகவில்லை. ஐயகோ என்று நானும் சொன்னதில்லை, என் அப்பனும் சொன்னதில்லை.

மூன்றாவது, நடந்ததை நடந்தபடி சொல்வது. அதையே எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் பாய்ச்சுவது. இன்ன வயலுக்கு இன்ன நேரம் என்று கணக்கு உண்டு. கும்பப்பூப் பயிர் கதிர் விடும் தை மாதத்தில் தண்ணீர் நூலாக இளைத்துவிடும். அப்போது முறைக்கு இருக்கிற மரியாதை தெய்வத்துக்கும் கிடையாது. அன்றைக்குத் தாணப்பனின் முறை. அது முடிவதற்குள் மேல் வயல்காரன் கோலப்பன் வந்து மடையை மண் போட்டு அடைத்தான். தாணப்பன் திறந்தான். கோலப்பன் மறுபடி அடைத்தான். தாணப்பன் கையிலிருந்த மண்வெட்டியைத் திருப்பி, மரப்பிடியால் ஒரே அடி. மண்டையில் விழுந்தது. கோலப்பன் இரண்டு நாள் கிடந்து இறந்துபோனான்.

அதற்கு முந்தின நாள் சந்தையில், "கோலப்பன நான் கொன்னு போடுவேன்" என்று தாணப்பன் சொன்னதாக மூன்று பேர் கோர்ட்டில் சாட்சி சொன்னார்கள். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அவன் சொன்னான். ஆனால் எங்கள் ஊரில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாள் விடிந்து அடைவதில்லை. தாய் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதும் அந்தச் சொல்லை வைத்துத்தான். கோர்ட்டில் யாரும் அதைப் பற்றிச் சாட்சிகளிடம் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லக்கூடாது என்று நினைத்து அவர்களும் அதை விட்டுவிட்டார்கள்.*

(* அந்த மூவரில் ஒருவர் இப்போது யாரையும் திட்டுவதில்லை. கோபம் வந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டு நடந்துவிடுகிறார். மற்ற இருவரும் பழையபடிதான்.)

தூக்கு என்று தீர்ப்பாயிற்று. மேல் கோர்ட்டிலும் அதுவே நின்றது. மிச்சம் இருந்தது ஒரே வழி: உயிர்ப்பிச்சை கேட்டு மகாராஜாவுக்குச் சங்கட அர்ஜி அனுப்புவது. வக்கீல் குமஸ்தா தாணப்பனின் மனைவி பார்வதியம்மாளிடம் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஊர்க்காரர் கையொப்பமோ விரல் ரேகையோ ஏராளமாக வேண்டும். செத்தவனுடைய மனைவி அழகியநாயகியின் விரல் ஒன்று கிடைத்தால், அது மற்ற எல்லா விரலுக்கும் சமம். மனு சித்திரை மாதக் கடைசிப் புதன்கிழமை அஞ்சலில் போயாக வேண்டும்.

3

பார்வதியம்மாள் என்னைத் தேடி வந்தபோது நான் கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ரசலையா, ஒனக்கு எழுத்து வருமாமே?"

"வரும். பைய வரும்."

"பைய வந்தா போரும். தூக்குக்கு இன்னும் தேதி குறிக்கல்ல."

எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவளே சிரித்துவிட்டாள். பதினைந்து மாதம் அழுதவளுக்குச் சிரிக்க யாரிடமும் உத்தரவு வாங்க வேண்டியதில்லை.

"எழுதத் தெரிஞ்சவாளு எத்தன பேரு இருக்காவ. என்ட்ட எதுக்கு வந்திய?"

"நாலு பேருட்ட போனேன். நாலு பேரும் 'கோலப்பனுக்க ஆளுவ என்ன நெனப்பாவ'ன்னு கேட்டாவ. நீ என்ன கேப்ப?"

நான் யோசித்தேன். "காகிதம் உண்டுமா?" என்று கேட்டேன்.

"அதான் ஒன்னத் தேடி வந்தேன்" என்றாள்.

இரண்டு நாளில் மனு எழுதினேன். மூன்று நாள், வேலை விட்டு வரும் வழியில், அழகியநாயகியின் வீட்டை மட்டும் விட்டு, வீடு வீடாகப் போனேன். காகிதத்தை நீட்டினேன். எல்லோரும் பெருவிரலை மையில் தொட்டு வைத்தார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு விரல்! ஊர் இவ்வளவு இரக்கமுள்ளதா என்று எனக்குக் கண் கலங்கியது. [இந்த இடத்தில் இரக்கத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். காரணம் கீழே.]

அந்தியில் நேசபாயிடம் காட்டினேன். அவள் ஊசியை நிறுத்தினாள்.

"எல்லாரும் சம்மதிச்சாவளா?"

"ஒருத்தரும் மாட்டேன்னு சொல்லல்ல."

"அதில்ல. என்ன மனுன்னு சொன்னியளா?"

"மனுன்னு சொன்னேன்."

"இது என்ன மாசம்?"

"சித்திர."

"சித்திரையில நம்ம ஊருல மனுன்னா என்ன மனு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு சித்திரையிலும் வாய்க்காலுக்குத் தண்ணீர் கேட்டு, மடைக்குக் கல் கேட்டு, இன்ஜினீயருக்கு ஒரு மனு போகும். என் தகப்பன் காலம் முதல் போகிறது. வீட்டுக்கு ஒரு விரல். யாரும் என்ன என்று கேட்பதில்லை, கேட்டால்தான் ஊர் வித்தியாசமாகப் பார்க்கும். மறுநாள் என்னோடு மண் வெட்டும் ஜான்ரோசிடம் மெதுவாக விசாரித்தேன்.

"லேய், முந்தாநாளு எதுக்கு விரலு வச்ச?"

"வாய்க்காலுக்குத்தானல? மூணாம் மடைக்கி கல்லு கெட்டணும்னு எழுதினியா? அத எழுதாட்டா எனக்க விரல திருப்பித் தா."

மூன்றாம் மடை மனுவில் இருந்தது. கொலை நடந்த இடம் என்ற வகையில்.

4

இப்போது என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் தாங்கள் அறியாமலே ஒரு மனிதனுக்கு உயிர்ப்பிச்சை கேட்டிருக்கிறார்கள். இப்படியே அனுப்பினால் தாணப்பன் பிழைக்கலாம். சொல்லிவிட்டால் விரல்கள் போய்விடலாம். விரல் போனால் அவன் கழுத்தும் போகலாம். பொது ஜன அபிப்பிராயம் என்று பத்திரிகையில் எழுதுகிறார்களே, அது எப்படி உண்டாகிறது என்று இதற்கு முன் எனக்குத் தெரியாது. இப்போது கொஞ்சம் தெரிகிறது.

"அனுப்பிரட்டா?" என்று கேட்டேன்.

"அனுப்புங்க" என்றாள் நேசபாய். "களவாண்ட விரலுதான். ஆனா உயிரப் பிடிக்கத்தான களவாண்டிய. நாளைக்கி ஒருத்தன் இதே மாதிரி இருநூறு விரலு வாங்கி, ஒங்களத் தூக்கில போடச்சொல்லி எழுதினாலும் கோவிக்கப்பிடாது. அவ்வளவுதான்."

அவள் லேஸ் பின்னும்போது இப்படித்தான் பேசுவாள். நூலை மெல்ல இழுத்து, கடைசியில் முடிச்சுப் போடுவாள். நான் அனுப்பவில்லை.

[கதாநாயகன் இங்கே மிக நல்லவனாகத் தெரிகிறான். அது நான் என்பதால் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. உண்மை என்னவென்றால், பொய் வெளிப்பட்டால் என்னை மண்வெட்டியோடு தேடுவார்கள் என்ற பயமும் இருந்தது.]

5

தண்ணீர் திறக்கும் முன், தூர் வாரும் வாய்க்கால் வெட்டு உண்டு. வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். வயல் உள்ள வீடுகளிலிருந்து முறை வைத்துக் கஞ்சி வரும். ஊர் முழுவதையும் ஒரே இடத்தில் பிடிக்க அதைவிட நல்ல நாள் இல்லை. அன்றைக்குக் கஞ்சி முறை அழகியநாயகியின் வீடு. [இது தெரிந்துதான் அந்த நாளைத் தேர்ந்தாயா என்று கேட்டால், கதைக்கு நல்லது 'தெரிந்துதான்' என்று சொல்வது. உண்மையில் மறந்துபோயிருந்தேன்.]

கரையில் ஏறி நின்று மனுவை வாசித்தேன். வெயிலில் என் எழுத்தே என்னோடு மல்லுக்கு நின்றது. வாசித்து முடித்து, "இதுக்குத்தான் நீங்க விரலு வச்சிய. தப்பு எனக்கது" என்றேன்.

வாய்க்காலுக்குள்ளிருந்து ஒரு குரல்: "அப்போ மூணாம் மடைக்கி கல்லு?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் சண்டை தொடங்கியது. ஜான்ரோஸ் மண்வெட்டியை ஊன்றி நின்று சொன்னான்: "தூக்கு வேணும்ல. இல்லேன்னா ஒவ்வொருத்தனும் மடையில நின்னு மண்டையப் பொளப்பான்."

"தூக்கு இருந்துதானல அவன் பொளந்தான்?" என்றாள் மண் சுமக்கும் தங்கபாய், கூடையை இறக்காமலே.

"அந்த நேரம் அவனுக்கு அது ஓர்மை வந்திருக்காது."

"ஓர்மை வராத்த தூக்கு யாரப் பயமுறுத்தும்?"

"மத்தவனுக்கு ஓர்மை வரும்லா! எனக்கு வரும். தூக்குன்னு ஒண்ணு இல்லேன்னா எனக்க மச்சினன நான் எப்பமே தீத்திருப்பேன்."

"நீயா? கிறிஸ்மசுக்குக் கோழி அறுக்கது ஒனக்க பொண்டாட்டியில்லா? நீ வைக்கப்போருக்குப் பொறத்த கண்ண மூடிட்டு நிப்ப."

இரண்டு பக்கமும் வேத வசனம் இருந்தது, தேவாரமும் இருந்தது. அவற்றை நான் எழுதவில்லை. வசனத்துக்கு வசனம் என்று போனால் ஒன்பது தாளும் போதாது.

கடைசியில் நான் சொன்னேன்: விரலைத் திரும்ப எடுக்கிறவர்கள் மேற்குக் கரைக்குப் போங்கள், வைத்தது வைத்ததுதான் என்கிறவர்கள் கிழக்குக் கரைக்கு வாருங்கள். மேற்கே முப்பது பேருக்கு மேல் ஏறினார்கள். கிழக்கே அதைவிடக் கொஞ்சம் அதிகம். மற்ற எல்லோரும் வாய்க்காலுக்குள்ளேயே நின்றார்கள், முழங்கால் சேற்றில்.

"நீங்க ஏறல்லியா?" என்று ஒருவரிடம் கேட்டேன்.

"சேறு பிடிச்சிருக்கு."

"மனு எப்பிடி இருக்கு?"

"நல்ல மனு."

"தூக்கு?"

"அதும் நல்லதுதான்."

தங்கபாய் கூடையைக் கவிழ்த்தாள். "நில்லுங்க, நில்லுங்க. வெள்ளம் தெறந்து விடுவாவல்லா, அப்பம் எந்தக் கரையில ஏறுதியோன்னு பாப்போம்."

6

ஜான்ரோசை நீங்கள் முழுதாக நம்ப வேண்டாம். அவன் உண்மையில் இவ்வளவு பேசுகிறவன் அல்ல. மற்றவர்கள் சொன்ன இரண்டு மூன்று பேச்சை அவன் வாயில் போட்டிருக்கிறேன். அவன் கோபிக்கமாட்டான் என்ற தைரியம்தான். ஆனால் இனி வருவது அவனே செய்தது.

கஞ்சி நேரத்தில் என்னிடம் வந்து, "எனக்கும் ஒரு மனு எழுது" என்றான். "தாணப்பனத் தூக்கில போடணும்னு."

நியாயம்தான். எழுத்து ஒரு பக்கத்துக்கு மட்டும் வேலை செய்யக்கூடாது. ஒரு தாளை மடியில் விரித்து எழுதினேன்: 'தாணப்பனைத் தூக்கிலிடும்படி ஜான்ரோஸ் ஆகிய நான் கேட்டுக்கொள்ளுகிறேன்.' வாசித்துக் காட்டி மையை நீட்டினேன். அவன் தாளையே வெகுநேரம் பார்த்தான்.

"எனக்க பேரு அதுல வரணுமா?"

"வராம எப்பிடி?"

"பொதுவா எழுதப்பிடாதா? ஊரு கேக்குது, நாடு கேக்குதுன்னு?"

"கேக்கது நீயில்லா?"

"நாளைக்கிப் பாப்போம்" என்று சொல்லி, கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இந்த இடம் நன்றாக அமைந்திருக்கிறது என்று எனக்கே தோன்றுகிறது. அதனால்தான் இதோடு நிறுத்தப் பயமாக இருக்கிறது. நிறுத்தினால், தூக்கு கேட்கிற எல்லோரும் தங்கள் பெயர் என்றால் ஓடிவிடுவார்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். அப்படி இல்லை. ஜான்ரோஸ் போன பிறகு சத்தியராஜ் வந்தான். அவன் அண்ணனைக் குலசேகரம் ரப்பர் தோட்டத்தில் யாரோ குத்திப் போட்டார்கள். குத்தியவன் இன்றுவரை அகப்படவில்லை. சத்தியராஜ் புதுத் தாள் ஒன்று கேட்டான். "எனக்க பேரப் பெருசா எழுது" என்றான். மையில் தொட்டு, அழுத்தி விரலை வைத்தான். அவனோடு வாதாட என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. இருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. அவனுக்குப் பின்னால் இன்னொருவரும் வைத்தார்.

அதைப் பார்வதியம்மாளிடம் மறைக்காமல் சொன்னேன். அவள் முகம் ஒரு கணம் கறுத்தது. பிறகு, "ரெண்டையும் ஒரே உறையில வச்சு அனுப்பு" என்றாள். "வேண்டாம்னு ரெண்டு விரலு இருந்தாத்தான், வேணும்னு வச்ச விரல நம்புவாவ."

7

பயம் குற்றத்தைத் தடுக்குமா என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி உண்டு. கரையில் நின்றபோது சொல்ல வெட்கமாக இருந்தது. காகிதத்தில் வெட்கம் குறைவு.

எட்டு வருடத்துக்கு முன்பு ஒரு மேஸ்திரி, நான் வெட்டிய வாய்க்காலை அடுத்தவன் வெட்டியதாக எழுதிவிட்டு, "எழுத்தறியாத நாய்க்கு என்ன தெரியும்?" என்றான். நான் மண்வெட்டியை ஓங்கினேன். முழு பலத்தோடு ஓங்கினேன். அந்த நேரம் தூக்குமரம் நினைவுக்கு வந்ததா? வரவில்லை. ஜெயில்? இல்லை. நேசபாய்? சத்தியமாக இல்லை. ஓங்கின வேகத்தில் மண்வெட்டியின் ஆப்பு கழன்று, இரும்பு எனக்குப் பின்னால் போய் விழுந்தது. என் கையில் வெறும் கம்பு. மேஸ்திரி சிரித்தான். பக்கத்தில் நின்ற மாடுகூடச் சிரித்தது போல இருந்தது. நானும் சிரித்துவிட்டேன்.

அன்றைக்கு நான் கொலைகாரன் ஆகாததற்குச் சட்டம் காரணமா, தச்சன் காரணமா என்று யாராவது கேட்டால், ஆப்பை இறுக்காமல் விட்ட அந்தச் சோம்பேறித் தச்சனைத்தான் சொல்வேன்.

ஆனால் இதிலும் ஒரு ஓட்டை உண்டு. இது ஓங்கிய மண்வெட்டியின் கதை. ஓங்காத மண்வெட்டிகள் எத்தனையோ. அவற்றை எது கீழே வைத்தது என்று யாருக்குத் தெரியும்? ஜான்ரோசின் மச்சினன் உயிரோடுதான் இருக்கிறான். அது தூக்கின் பயத்தாலா, ஜான்ரோசுக்கு ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வருவதாலா? நடக்காத காரியத்துக்குச் சாட்சி கிடையாது. ஆகையால் நான் இரண்டு கரைக்கும் நடுவில் என்று எழுத வந்தேன். சேற்றில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தவன் அதை எழுதக் கூடாது. நான் கிழக்குக் கரைதான். நிச்சயம் இல்லாதபோது, திரும்ப எடுக்க முடியாத காரியத்தைச் செய்ய வேண்டாம் என்பது என் கட்சி. வாய்க்கால் வெட்டுகிறவன் புத்தி அது. தப்பாக வெட்டினால் மூடலாம் என்ற தைரியத்தில்தான் நாங்கள் வெட்டவே செய்கிறோம்.

8

அன்று நடந்ததில் ஒன்றை விட்டுவிட்டேன். எழுதப் பயந்து விட்டேன்.

நான் கரையில் நின்று வாசித்தபோது அழகியநாயகி கஞ்சிப் பானையோடு வந்து, பின்னால் நின்று முழுவதையும் கேட்டிருந்தாள். கரை பிரிந்த கூத்து முடிந்ததும் பானையை இறக்கி வைத்தாள்.

"ரசலையா, இன்னொருக்க வாசி."

வாசித்தேன்.

"அவருக்க பேரு எங்க?"

'மேற்படி தகராறில் ஒருவர் மரணமடைய நேர்ந்தது' என்றுதான் எழுதியிருந்தேன். வேண்டுமென்றேதான். பெயரைப் பார்த்தால் வாசிக்கிறவர்களுக்கு அவன்மேல் இரக்கம் வந்துவிடும் என்று.

"ஒருவரா?" என்றாள். "பதினாறு வருசம் சோறு போட்டேன். ஒருவருக்கா போட்டேன்?"

"எழுதுதேன்."

"கோலப்பன்னு எழுது. வயசு முப்பத்தெட்டுன்னு எழுது. மடைய அடச்சது தப்புன்னும் எழுது. அடச்சாருதான். முறை அவருக்கில்ல. நல்லா பாடுவாருன்னு எழுது."

"மனுவுல அதெல்லாம் எழுதலாமாக்கா?"

"தாணப்பனுக்கு மூணு பிள்ளையோன்னு எழுதியிருக்கியே, அத எழுதலாமா?"

ஜான்ரோஸ் குறுக்கே புகுந்தான். "எழுதினா விரலு வைப்பியளாக்கா?" என்று கேட்டுவிட்டான்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "மொதல்ல கஞ்சியக் குடி மக்கா. வெறும் வயித்துல ஊரு நியாயம் பேசப்பிடாது." அகப்பையில் பயறு கொஞ்சம் அதிகமாகவே அள்ளி அவன் சட்டியில் போட்டாள். என்னைப் பார்த்து, "எழுதி முடிச்சா சொல்லி விடு. வாறேன்" என்றாள்.

மனுவைப் புதிதாக எழுதினேன். கோலப்பனின் பெயரை ஏழு இடத்தில் எழுதினேன். வேண்டாம் என்றவர்களை விட்டுவிட்டு, மற்றவர்களிடம் இந்த முறை வாசித்துக் காட்டி விரல் வாங்கினேன். சேற்றில் நின்றவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வைத்தார்கள். மீதிப் பேர் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னார்கள், வீட்டுக்குள்ளிருந்தே. இருநூற்றுப் பன்னிரண்டு என்பது நூற்று முப்பத்தாறு ஆயிற்று. எனக்கு முன்னதைவிட இதுதான் பெரிய தொகையாகத் தெரிகிறது.

9

கதைக்கு முடிவு வேண்டும் என்று நேசபாய் சொல்கிறாள். நான்கு முடிவு எழுதிப் பார்த்தேன்.

அ. தாணப்பன் பிழைத்து வருகிறான். நல்லவனாக வாழ்கிறான்.

ஆ. தாணப்பன் பிழைத்து வருகிறான். மறு தை மாதம் இன்னொருவன் மண்டையை

இ. தாணப்பனைத் தூக்கிலிடுகிறார்கள். பிறகு எங்கள் மடைகளில் சண்டையே இல்லை. எல்லோரும் முறை தவறாமல், முகம் பார்க்காமல், தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் போகிறோம்.

ஈ. தாணப்பனைத் தூக்கிலிடுகிறார்கள். மறு தை மாதம் அதே மூன்றாம் மடையில், வேறு இரண்டு பேர்

நான்கும் நன்றாகவே வருகின்றன. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் நினைத்தபடி தாணப்பன் சாகிறான், பிழைக்கிறான். நான் சொல்ல வந்ததற்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறான். கதை முடிவு என்பது, எழுதுகிறவன் ஏற்பாடு செய்த சாட்சி. அதை நம்பி யாரையும் தூக்கவும் கூடாது, விடவும் கூடாது.

"அஞ்சாவது ஒண்ணு எழுதுங்க" என்றாள் நேசபாய். "நல்ல மழை பெய்யட்டும். எல்லா வயலுக்கும் மடை வழியா வெள்ளம் பாயட்டும். யாரும் யாருக்க மடையையும் அடைக்காண்டாம்."

"அது கதையில்லட்டி. அது ஜெபம்."

"ஜெபத்துல என்ன கொறச்சலு?"

10

செவ்வாய்க்கிழமை அந்தியில் அழகியநாயகி வந்தாள். மறுநாள் காலை அஞ்சலுக்குப் போக வேண்டிய உறையை வாங்கப் பார்வதியம்மாள் அதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். பதினைந்து மாதமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் என் சிறிய வீட்டில் எதிரெதிரே. நேசபாய் இருவருக்கும் கருப்பட்டிக் காப்பி வைத்தாள். இருவரும் தொடவில்லை.

புது மனுவை வாசித்தேன். 'கோலப்பன், வயது முப்பத்தெட்டு, இனிய குரலில் பாடக்கூடியவர்' என்ற இடத்தில் அழகியநாயகி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இனிய குரலா? யாரு சொன்னா? நல்லா பாடுவாருன்னுதான சொன்னேன். கொரலு கட்டதான். பாட்டு மட்டும் மறக்காது."

அடித்துத் திருத்தினேன். மீதியையும் வாசித்து முடித்தேன்.

"நான் விரலு வச்சா, நிச்சயமா விட்டிருவாவளா?"

"தெரியாதுக்கா."

"வைக்காட்டா, நிச்சயமா தூக்கிருவாவளா?"

"அதும் தெரியாது."

"பின்ன என்ன எளவுக்குல நீ எழுத்துப் படிச்ச?"

நேசபாய் சிரித்தாள். நான் சிரித்தேன். பார்வதியம்மாளும் சிரித்துவிட்டாள். அழகியநாயகியின் உதடும் ஓரத்தில் அசைந்தது. பிறகு இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டார்கள். சிரித்ததே தப்பு என்பது போல.

அழகியநாயகி முதல்முறையாகப் பார்வதியம்மாளைப் பார்த்துக் கேட்டாள்: "கன்னிப்பூ வெதைக்கி வயல யாரு பாப்பா?"

"நான்தான். ஆளில்ல."

"எனக்கும் ஆளில்ல."

அழகியநாயகி நேசபாய் கரைத்து வைத்திருந்த மைச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். பெருவிரலை அதில் அழுத்தி எடுத்தாள். மனுவின் கடைசித் தாளை இடது கையால் பிடித்துக்கொண்டாள். ஒரு பக்கத்தில் அந்த மனு. பக்கத்திலேயே, சத்தியராஜின் பெயர் பெரிதாக எழுதிய மற்ற மனு. விரலைக் கொண்டுபோய்

[இங்கே நிறுத்துகிறேன்.]

அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியும். நேசபாய்க்கும் தெரியும். உங்களுக்குச் சொன்னால், "நல்ல காரியம்" என்றோ "பாவம், அவ வயித்தெரிச்சலு" என்றோ சொல்லிவிட்டு உங்கள் காப்பியைக் குடிக்கப் போவீர்கள். அதற்காக நான் மூன்று வருடம் எழுத்துப் படிக்கவில்லை.

ஆகையால் அந்த விரலை உங்களிடம் தருகிறேன். கோலப்பன் உங்கள் வீட்டு ஆள். பதினாறு வருடம் நீங்கள் சோறு போட்டவர். தாணப்பன் திருவனந்தபுரத்தில் உயிரோடு இருக்கிறான். பார்வதியம்மாள் எதிரே உட்கார்ந்து, உங்கள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பொதுவாக வைக்க இடமில்லை. இரண்டு தாளிலும் உங்கள் பெயரை நான் எழுதி வைத்திருக்கிறேன்.

அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் நேசபாய் கரைக்கிற மை சீக்கிரம் காய்ந்துவிடும்.